வெட்டிய கரும்பின் அவசரம்

கரும்பை ஆட்டி வெல்லம் காய்ச்சும் ஊர்களில் அனுபவசாலிகள் அனைவரும் அறிந்திருக்கும் ஒரு விஷயம் உண்டு. ஒரே வயலில், ஒரே நாளில் வெட்டிய கரும்பில் ஒரு பாதியை அன்றைக்கே ஆலையிலிட்டுச் சாறு பிழிந்து கொப்பரையில் ஏற்றிவிட்டு, மறுபாதியை வண்டி கிடைக்காமையாலோ, ஆலையில் முறை வராமையாலோ மூன்று நான்கு நாள் வெயிலில் போட்டு வைத்துப் பின்பு காய்ச்சினால், முதற்பாதியில் கல்லைப்போல் இறுகிய வெல்லம் கிடைக்க, மறுபாதியிலோ பாகு எவ்வளவு நேரம் கிளறினாலும் பதம் கூடாமல், அச்சில் வார்த்தாலும் கட்டாமல், பிசுபிசுத்த ஒரு பொருளே மிஞ்சும். அதுவும் மழைக்காலம் வந்தால் கசிந்து உருகிவிடும். ஆனால் அந்தப் பழங்கரும்பின் சாற்றை ஒரு வாய் பருகிப் பார்த்தால், அதன் இனிப்பில் சொல்லும்படியான குறை எதுவும் தெரிவதில்லை. நாவுக்கு இனிப்பு இருக்கிறது. கொப்பரையில் வெல்லம் இல்லை. இவ்விரண்டும் எப்படி ஒருங்கே உண்மையாக இருக்கக்கூடும்?

கரும்புச் சர்க்கரை என்று நாம் வழங்குவது, குளுக்கோஸ், பிரக்டோஸ் என்னும் இரு சிறு சர்க்கரைகள் ஒன்றோடொன்று பிணைந்து உண்டான இரட்டைச் சர்க்கரை. அந்தப் பிணைப்பு நீரின் சேர்க்கையால் அறுபட்டால் இரண்டும் தனித்தனியே பிரிகின்றன. பிரிந்த பின்னும் அவை இனிப்பாகவே இருக்கின்றன. ஆனால் அவற்றின் கலவைக்குப் படிகமாக உறையும் சுபாவம் மிகவும் குறைவு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சுபாவம் மிகவும் அதிகம். ஆகவே வெயிலில் கிடந்த கரும்பில் காணாமற்போனது இனிப்பன்று, பிணைப்பு. இதோடு, வெட்டுவாய் வழியே புகும் நுண்ணுயிர்களும் தம்மாலான சேதத்தைச் செய்கின்றன என்பது உண்மையே. எனினும் அவை ஒன்றும் புகாவிட்டாலும் கரும்பு தன்னைத் தானே கெடுத்துக்கொள்ளும் என்பதுதான் கவனிக்கத்தக்கது.

இங்கே ஒரு வியப்பு எழுகிறது. சுத்தமான நீரில் கரைத்த சர்க்கரையைச் சாதாரண உஷ்ணநிலையில் எவ்விதத் தூண்டுதலும் இன்றி அப்படியே விட்டுவைத்தால், அதில் பாதி இவ்வாறு பிளவுபட 400 ஆண்டுகளுக்கு மேலாகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பிளவுபடுவதற்கு இடமிருந்தும் பிளவுபடாமல் நிற்பதற்குக் காரணம், பிணைப்பு அறுவதற்கு முன் மூலக்கூறு ஒரு கடினமான இடைநிலையை எட்டவேண்டியிருப்பதும், அதை எட்டுவதற்கு வேண்டிய சக்தி மிகச் சில மூலக்கூறுகளுக்கே எப்பொழுதாவது வாய்ப்பதுமே ஆகும். நாலு நூற்றாண்டுக் காரியத்தை நாலு நாளில் முடிப்பதற்கு வேறொரு சகாயம் வேண்டும். ஒரு ரசாயன மாற்றத்தில் தான் செலவழியாமல், அந்தக் கடினமான இடைநிலையை எளிதாக்கி, மாற்றத்தை விரைவுபடுத்தும் பொருளுக்குக் கிரியா ஊக்கி என்று பெயர்; உயிருள்ளவை தமக்கென்று ஆக்கிக்கொள்ளும் கிரியா ஊக்கிகளே நொதிகள். நொதியின் கிரியைக்கு உட்படும் பொருளைத் தளப்பொருள் என்கிறோம். கரும்புச் சர்க்கரையைத் தளப்பொருளாகக் கொண்டு அதைப் பிளக்கும் நொதி இன்வர்ட்டேஸ். அது கரும்பிலும் உண்டு, ஈஸ்ட்டிலும் உண்டு. நட்ட கரும்பு நிற்கும்வரை இலைகள் புதிய சர்க்கரையை ஓயாது அனுப்பிக்கொண்டிருப்பதால் இதன் வேலை பெரிதாகத் தெரிவதில்லை. வெட்டிய கணம் முதல் வரவு நின்றுபோகிறது; செலவு மட்டும் தொடர்கிறது.

அந்தச் செலவு எந்த வேகத்தில் நடக்கும், எவையெவை அதைக் கூட்டும், எவையெவை குறைக்கும் என்பவை வெல்லம் காய்ச்சுகிறவருக்கு லாப நஷ்டக் கேள்விகள். விஞ்ஞானிகளுக்கோ அதைவிடப் பெரிய பயன் ஒன்று அவற்றால் விளைந்தது. நொதி எப்படிப்பட்ட பொருள் என்பதே தெரியாத காலத்தில், அதைக் கண்ணால் காண்பதற்கு வழியே இல்லாத காலத்தில், அதன் வேலை நடக்கும் வேகத்தை மட்டும் பொறுமையாக அளந்து அளந்தே அதன் அந்தரங்கத்தை ஊகித்துவிட்டார்கள். என் நினைப்பில், மானிட அறிவின் மிக உயர்ந்த சாதனைகளுள் இதையும் சேர்க்கவேண்டும். அதைப் பெற்றுத் தந்ததும் பெரும்பாலும் இதே கரும்புச் சர்க்கரைதான்.

அதற்குக் காரணம் ஒளி. சாதாரண ஒளியின் அலைகள் எல்லாத் திசைத்தளங்களிலும் அதிர்கின்றன. சில படிகங்களின் வழியே செலுத்தினால் அவற்றுள் ஒரே தளத்தில் அதிர்வது மட்டும் வெளிவரும். அப்படி ஒழுங்குபட்ட ஒளியைச் சர்க்கரைக் கரைசலில் புகவிட்டால், அதன் அதிர்வுத்தளம் வலப்பக்கம் திரும்புகிறது. திரவங்களுக்கு இத்தகைய சக்தி உண்டென்பதைப் பிரான்ஸ் தேசத்துப் பியோ 1815இல் கண்டறிந்தார். சர்க்கரை பிளவுபட்டதும் நிலைமை மாறுகிறது: குளுக்கோஸ் ஒளியை வலப்பக்கம் திருப்பினாலும், பிரக்டோஸ் அதைவிட அதிகமாக இடப்பக்கம் திருப்புவதால், கலவை மொத்தத்தில் இடப்பக்கமே சாய்கிறது. எனவே கரைசலைத் தொடாமல், கலக்காமல், குழாயின் வழியே ஒளியைப் பார்த்துக்கொண்டிருந்தாலே, எத்தனை சர்க்கரை பிளந்துவிட்டது என்பதை நிமிஷத்துக்கு நிமிஷம் சொல்லிவிடலாம். ஜெர்மானியரான வில்ஹெல்மி 1850இல் அமிலம் சேர்த்த சர்க்கரைக் கரைசலை இவ்வாறு கவனித்து, ஒரு ரசாயன மாற்றத்தின் வேகத்தை முதன்முதலில் முறையாக அளந்து காட்டினார். பிளவுபடப்பட, எஞ்சியிருக்கும் சர்க்கரைக்கு ஏற்ற விகிதத்தில் வேகம் குறைந்துகொண்டே போவதை அவர் கண்டார். நிறைய இருந்தால் நிறையப் பிளக்கும், கொஞ்சம் இருந்தால் கொஞ்சம் பிளக்கும்; இது யாவரும் எதிர்பார்க்கக்கூடிய நியதியே.

அந்த நியதி நொதியிடம் செல்லவில்லை. பர்மிங்ஹாம் நகரில் மது வடிக்கும் சாஸ்திரத்தைப் போதித்துவந்த ஏட்ரியன் பிரவுன், 1902இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஈஸ்ட்டின் இன்வர்ட்டேஸை ஒரே அளவாக எடுத்துக்கொண்டு, சர்க்கரையின் செறிவை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மிகவும் நீர்த்த கரைசல்களில் சர்க்கரை கூடக்கூட வேகமும் கூடியது. ஆனால் ஒரு வரம்புக்கு அப்பால் எவ்வளவு சர்க்கரையைச் சேர்த்தாலும் ஒரு மணி நேரத்தில் பிளவுபடும் அளவு ஏறக்குறைய அப்படியே நின்றுவிட்டது.

பாலமில்லாத ஆற்றங்கரையில் பத்துப் பரிசல்கள் மட்டும் இருக்கும் ஒரு துறையை நினைத்துக்கொண்டால் இதன் தாத்பரியம் விளங்கும். அதிகாலையில் ஆளொருவர் வந்தால் ஒரு பரிசல் புறப்படும். மற்றவை கரையில் காத்துக் கிடக்கும். ஆட்கள் வரவர அக்கரை சேர்வோர் தொகையும் ஏறும். சந்தை நாளாகி, எல்லாப் பரிசல்களும் ஓயாமல் போய்வந்துகொண்டிருக்கும் நிலை வந்துவிட்டால், அதன்பின் கரையில் நூறு பேர் நின்றாலும், ஆயிரம் பேர் நின்றாலும், ஒரு மணி நேரத்தில் கடப்போர் தொகை ஒன்றே. அப்போது வேகத்தை நிர்ணயிப்பது கூட்டம் அன்று. பரிசல்களின் எண்ணிக்கையும், ஒரு பரிசல் ஒருமுறை போய்வரப் பிடிக்கும் நேரமுமே. பிரவுனின் அநுமானமும் இத்தகையதே: சர்க்கரையும் நொதியும் சற்று நேரம் ஒன்றாய்ச் சேர்ந்து நின்று, அந்தச் சேர்க்கை நிலைத்திருக்கும் கணத்தில்தான் பிளவு நடக்கிறது, எல்லா நொதி மூலக்கூறுகளும் இவ்வாறு ஈடுபட்டுவிட்டால் வேகம் உச்சத்தில் நிற்கும்.

இதற்கு முன்னமே ஒரு குறிப்பு கிடைத்திருந்தது. ஓ'சல்லிவன், டாம்ப்ஸன் என்ற இருவர், வெறும் நீரில் வெப்பத்தால் அழிந்துவிடும் இன்வர்ட்டேஸ், சர்க்கரை உடனிருந்தால் அதற்குமேல் ஏறக்குறைய 25 பாகை அதிக உஷ்ணத்தைத் தாங்கிக்கொள்கிறது என்று 1890இல் எழுதியிருந்தார்கள். தாங்கிப் பிடிக்க ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலன்றி இந்த வலிமை வருவதற்கு நியாயமில்லை. நொதிக்கும் தளப்பொருளுக்கும் உள்ள பொருத்தம் பூட்டுக்கும் திறவுகோலுக்கும் உள்ள பொருத்தம் போன்றது என்று எமில் ஃபிஷர் 1894இல் கூறியதும் இந்தக் காலத்திலேதான். பாரிஸில் விக்டர் ஹென்ரி 1903இல் இந்தச் சேர்க்கைக்குக் கணித வடிவம் கொடுத்தார். ஆயினும் அளவீடுகள் போதிய அளவுக்குச் சுத்தமாக இல்லாமையால் விஷயம் முடிவுபெறாமல் நின்றது.

அதை முடித்துவைத்தவர்கள் பெர்லின் நகர மருத்துவமனை ஒன்றின் சிறிய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய லியோனார் மிக்கேலிஸும், கனடாவிலிருந்து அவரிடம் ஆராய்ச்சி செய்ய வந்த மாட் மென்டன் அம்மையாரும். அந்நாட்டில் மருத்துவத்தின் உயர் பட்டம் பெற்ற முதற்பெண்மணிகளுள் ஒருவரான அவர், கடல் கடந்து வந்து இந்த வேலையை ஏற்றார். 1913இல் இருவரும் வெளியிட்ட கட்டுரையின் பெருமை அதிலுள்ள சமன்பாட்டில் மட்டும் இல்லை. அளந்த முறையில் இருக்கிறது. முதலாவதாக, கரைசலின் அமிலத்தன்மை ஆராய்ச்சி நெடுகிலும் மாறாதபடி காத்தார்கள். இரண்டாவதாக, பிளவிலிருந்து புதிதாய்ப் பிறந்த குளுக்கோஸ் ஒளியைத் திருப்பும் அளவு சற்று நேரம் கழித்தே நிலைப்படுகிறது என்பதை ஹட்ஸன் என்னும் அமெரிக்கர் எடுத்துக்காட்டியிருந்ததால், அவ்வப்போது எடுத்த மாதிரியில் உடனே சோடியம் கார்பனேட்டைச் சேர்த்தார்கள். அந்தக் காரம் நொதியின் கிரியையை அக்கணமே நிறுத்தியது, குளுக்கோஸையும் விரைவில் நிலைக்குக் கொண்டுவந்தது. மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: மாற்றம் தொடங்கிய முதற்சில நிமிஷங்களின் வேகத்தையே கணக்கில் எடுத்தார்கள். பின்னால் போகப் போகச் சர்க்கரை குறைகிறது, விளைபொருள்கள் குறுக்கே நிற்கின்றன, நொதியும் தளர்கிறது. இத்தனை காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட பிறகு அளந்தால் எதை அளக்கிறோம் என்பதே தெரியாது. ஆரம்ப வேகத்தில் அந்தக் குழப்பம் இல்லை. இன்றைக்கும் உலகெங்கும் நொதிகளைச் சோதிக்கிறவர்கள் இந்த ஆரம்ப வேகத்தையே அளக்கிறார்கள்.

வேகம் தன் உச்சத்தில் சரிபாதியை எட்டுவதற்கு எவ்வளவு சர்க்கரை வேண்டும் என்ற ஓர் எண்ணை அவர்கள் பெற்றார்கள். நொதிக்கும் தளப்பொருளுக்கும் இடையே உள்ள பற்றைக் காட்டும் குறியாகவும் அதை ஓரளவு கொள்ளலாம். அந்த எண் சிறியதாயின், சொற்பச் சர்க்கரையிலேயே நொதிகள் பாதி நிரம்பிவிடுகின்றன என்று பொருள். ஈஸ்ட்டின் இன்வர்ட்டேஸுக்கு அவர்கள் கண்டது லிட்டருக்கு ஏறத்தாழ 6 கிராம் சர்க்கரை. சேர்க்கையும் பிரிவும் ஒரு சீரான நிலையில் இருப்பதாகக் கொண்டு இந்தக் கணிதத்தை 1925இல் மேலும் பொதுவானதாக்கிய இருவருள் ஒருவர் ஜே.பி.எஸ். ஹால்டேன், அவரே 1957இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் காலமானவர். வேகத்திலிருந்து ஊகித்த அந்தச் சேர்க்கையை, வேறொரு நொதியில் நிறமாற்றத்தின் மூலம் நேராகவே பின்தொடர்ந்து, அதன் தோற்றமும் மறைவும் சமன்பாடு சொன்னபடியே நடப்பதை பிரிட்டன் சான்ஸ் 1943இல் நிரூபித்தார். ஊகத்துக்கும் பிரத்தியட்சத்துக்கும் இடையே முப்பது ஆண்டுகள்.

இனிக் கரும்பைப் பார்ப்போம். அதன் சாற்றில் லிட்டருக்கு 150 கிராமுக்கும் மேல் சர்க்கரை இருக்கிறது. ஈஸ்ட்டின் எண்ணைக் கொண்டே மதிப்பிட்டாலும், பாதி வேகத்துக்கு வேண்டியதைப்போல் இருபத்தைந்து மடங்கு அது; துறையில் எந்நேரமும் சந்தைக்கூட்டம். இத்தகைய நிலையில் சர்க்கரை சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் பிளவின் வேகம் அசைவதில்லை. நொதியின் அளவு ஒன்றுதான் அதை ஆளும். நொதி இருமடங்கானால் வேகமும் இருமடங்காகும். நுனிக்கரும்பு சப்பென்றிருப்பதும் அடிக்கரும்பு தித்திப்பதும் ஏன் என்பதற்கு இங்கே ஒரு விடை கிடைக்கிறது: வளர்ந்துகொண்டிருக்கும் இளங்கணுக்களுக்குக் கட்டுமானச் சரக்காகச் சிறு சர்க்கரைகள் தேவைப்படுவதால் அங்கே இன்வர்ட்டேஸ் மிகுதி, முற்றிய கணுக்களில் அது குன்றிப்போவதால்தான் சர்க்கரை தங்குகிறது. வெட்டும்போதே கொழுந்தாடையை ஒட்டக் கழித்து மாட்டுக்குப் போடும் வழக்கம், கொப்பரைக்கு வரும் நொதியையும் சிறு சர்க்கரைகளையும் ஒருங்கே குறைத்துவிடுகிறது.

உஷ்ணத்தின் விஷயம் சற்றுச் சிக்கலானது. கோடை வெயிலில் கிடந்த கரும்பு மார்கழிக் குளிரில் கிடந்ததைவிடச் சீக்கிரம் கெடுகிறது என்பதில் அதிசயமில்லை. வெப்பம் ஏறினால் மூலக்கூறுகளின் சராசரிச் சலனம் சிறிதே கூடினாலும், கடினமான அந்த இடைநிலையைக் கடக்கப் போதிய சக்தி பெற்றவற்றின் தொகை மிக வேகமாகப் பெருகுகிறது. சர்க்கரையை அமிலம் பிளப்பதையே எடுத்துக்கொண்டு, சுவீடன் தேசத்து அரீனியஸ் 1889இல் இதைத் தெளிவுபடுத்தினார். சாதாரண உஷ்ணநிலைகளில் 10 பாகைக்கு வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது பல நொதிகளுக்கும் பொருந்தும் தோராய விதி. அமிலம் செய்யும் பிளவு இவ்வாறு கொதிநிலை வரையிலும் ஏறிக்கொண்டே போகிறது. நொதி செய்வதோ ஏறி, ஓரிடத்தில் தயங்கி, பின்பு மளமளவென்று சரிந்து, முடிவில் நின்றே விடுகிறது. ஆறவைத்தாலும் பெரும்பாலும் மீள்வதில்லை.

ஏன் என்பதற்கு விடை காண, நொதி எதனால் ஆனது என்று தெரியவேண்டியிருந்தது. இளமையில் வேட்டை விபத்தில் ஒரு கையை இழந்திருந்த அமெரிக்கரான ஜேம்ஸ் சம்னர், வாளவரையின் இனத்தைச் சேர்ந்த ஓர் அவரையின் மாவிலிருந்து யூரியேஸ் என்ற நொதியைப் படிகமாகப் பிரித்தெடுத்து, அது புரதமே என்று 1926இல் அறிவித்தார். ஐரோப்பாவின் பெரிய ரசாயனப் பண்டிதர்கள் பல ஆண்டுகள் அதை நம்ப மறுத்தார்கள். 1946இல் அவருக்கு நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி. அது எண்ணற்ற மெல்லிய பிணைப்புகளால் தன்மேல் தானே மடிந்து, குறிப்பிட்ட ஓர் உருவத்தை அடைகிறது. அந்தச் சங்கிலி எவ்வெவ்வாறு மடங்கக்கூடும், எவ்வாறு மடங்கவே முடியாது என்பதை ஒரே படத்தில் அடக்கிக் காட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரன், 1963இல் தம் சகாக்களோடு அவர் வெளியிட்ட அந்தப் படத்தை இன்றும் உலகமெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறார்கள். இந்த மடிப்பின் ஒரு மூலையில் அமைந்த சிறு குழியில்தான், செயல் மையம் எனப்படும் அந்த இடத்தில்தான், தளப்பொருள் வந்து அமர்கிறது. வெப்பம் மிஞ்சினால் மெல்லிய பிணைப்புகள் அறுந்து மடிப்புக் குலைகிறது. சங்கிலி அறுவதில்லை; உருவம் போய்விடுகிறது, உருவம் போனால் குழியும் இல்லை.

பாடப்புத்தகங்களில் ஒவ்வொரு நொதிக்கும் ‘உகந்த உஷ்ணநிலை’ என்று ஓர் எண்ணைக் குறித்திருப்பார்கள். அந்த எண்ணை நொதியின் பிறவிக் குணம்போல் எண்ணிவிடக்கூடாது என்று சொல்ல விரும்புகிறேன். வெப்பத்தால் வேகம் கூடுவது உடனே நிகழ்வது. உருவம் குலைவதோ நேரம் எடுத்துக்கொள்வது. ஐந்து நிமிஷச் சோதனையில் 60 பாகையில் மிகுதியாகச் சர்க்கரையைப் பிளந்த ஒரு நொதி, ஐந்து மணி நேரச் சோதனையில் அதே 60 பாகையில் பாதி வழியிலேயே மாண்டுபோய், 45 பாகையில் நிதானமாக உழைத்த தன் இனத்தானிடம் தோற்றுவிடக்கூடும். எவ்வளவு நேரம் என்று சொல்லாமல் எவ்வளவு உஷ்ணம் உகந்தது என்று கேட்பதில் அர்த்தமில்லை. கொப்பரையில் சாறு கொதிக்கத் தொடங்கியவுடன் இன்வர்ட்டேஸின் ஆயுள் தீர்ந்துவிடுகிறது. பாகு 118 பாகை அளவில் இறக்கப்படுவதற்கு நெடுநேரம் முன்பே அது வெறும் புரதக் குப்பையாகி, அழுக்கோடு நுரையாய் மேலே திரண்டு அகற்றப்படுகிறது. சாறு பிழிந்தபின் கொப்பரையில் ஏறாமல் தொட்டியில் வெதுவெதுப்பாக நிற்கும் நேரமே ஆபத்தானது.

சாற்றில் சுண்ணாம்பு கலக்கும் வழக்கம் நம்மை மூன்றாவது காரணத்துக்கு அழைத்துச் செல்கிறது. கரைசலின் அமிலத்தன்மையால் நொதியின் வேகம் பெரிதும் மாறுகிறது என்று பலரும் கண்டிருந்தார்கள். ஆனால் ஒருவர் அளவு மற்றவர் அளவோடு ஒத்துவரவில்லை. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுச்சாலையைச் சேர்ந்த ஆய்வுக்கூடத்தில் ரசாயனப் பகுதிக்குத் தலைவராக இருந்த சோரன்ஸன், இந்த முரண்பாட்டின் வேரைக் கண்டுபிடித்தார். எவ்வளவு அமிலத்தை ஊற்றினோம் என்பது முக்கியமில்லை. ஊற்றியதில் எவ்வளவு ஹைட்ரஜன் அயனி கரைசலில் சுயேச்சையாக உலவுகிறது என்பதே முக்கியம். அதைக் குறிப்பதற்கு அவர் 1909இல் வகுத்த எண்தான் இன்று மண் பரிசோதனை முதல் ரத்தப் பரிசோதனை வரை எங்கும் வழங்கும் பி.எச். எண், 7 என்பது நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம், ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு. உலகுக்கே பொதுவாகிவிட்ட இந்த அளவுகோல் நொதிகளின் வேகத்தை அளக்கும் தேவையிலிருந்து பிறந்தது என்பதும், அவர் சோதித்த நொதிகளுள் இன்வர்ட்டேஸும் ஒன்று என்பதும் பலர் அறியாதவை.

வேகத்தைப் பி.எச். எண்ணுக்கு எதிரே வரைந்தால், நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் ஒரு கோடு கிடைக்கிறது. ஈஸ்ட்டின் இன்வர்ட்டேஸுக்கு உச்சி 4.5க்கு அருகில், இரைப்பையின் பெப்ஸினுக்கு 2க்கு அருகில், சிறுகுடலின் டிரிப்ஸினுக்கு 8க்கு அருகில். இருபுறச் சரிவுக்கும் ஒரு பொருள் உண்டு. செயல் மையத்தில் இன்வர்ட்டேஸுக்கு இரண்டு உறுப்புகள் இன்றியமையாதவை: ஆஸ்பார்டிக் அமிலம் ஒன்று, குளூட்டாமிக் அமிலம் ஒன்று. வேலை நடக்கவேண்டுமானால் முன்னது தன் ஹைட்ரஜன் அயனியை இழந்தும், பின்னது தன்னுடையதை வைத்துக்கொண்டும் இருக்கவேண்டும். அமிலம் அதிகமானால் முன்னதற்கும் அயனி வந்து ஒட்டிக்கொள்கிறது. காரம் அதிகமானால் பின்னதும் இழந்துவிடுகிறது. இரண்டும் தத்தம் நிலையில் இருப்பது நடுவிலுள்ள குறுகிய எல்லைக்குள் மட்டுமே. இவ்வாறு கோட்டின் வடிவத்தைக் கொண்டே, குழிக்குள் இரண்டு உறுப்புகள் எதிரெதிர் நிலையில் நிற்கின்றன என்று ஊகிக்க முடிகிறது.

கரும்புச் சாற்றின் பி.எச். 5.2 முதல் 5.5 வரை, கரும்பு பழசாகப் பழசாக இன்னும் புளிக்கும். அதாவது, நொதிக்கு மிகவும் பிடித்த எல்லையை நோக்கியே அது நகர்கிறது. சுண்ணாம்பு சேர்க்கும்போது அந்த எண் மேலே ஏறி, நொதி தன் சரிவில் தள்ளப்படுகிறது. கொதிக்கத் தொடங்கி நொதி அழிந்தபின்னரோ, அமிலமே நேராகச் சர்க்கரையைப் பிளக்கக்கூடிய வெப்பம் வந்துவிடுவதால், அதையும் அதே சுண்ணாம்பு தடுக்கிறது. மிஞ்சினால் வெல்லம் கறுத்துவிடும். ஏனெனில் காரம், ஏற்கெனவே பிரிந்திருக்கும் சிறு சர்க்கரைகளைச் சிதைத்துக் கருநிறப் பொருள்களாக்குகிறது. அளவாகப் போடத் தெரிந்த கொப்பரைக்காரரின் கை, பி.எச். அளவுகோல் பிறப்பதற்கு முன்பே அந்த அளவுகோலின் வேலையைச் செய்துவந்தது.

நொதியின் வேலையைக் குறுக்கே நின்று கெடுக்கும் பொருள்களுக்குத் தடுப்பான்கள் என்று பெயர். வெள்ளி, பாதரசம் ஆகியவற்றின் உப்புகள் சிறிது சேர்ந்தாலே இன்வர்ட்டேஸ் செயலிழக்கிறது. இவற்றைவிட நுட்பமானவை, தளப்பொருளைப்போலவே வேஷமிட்டு வருபவை: பரிசலில் ஏறி உட்கார்ந்துகொண்டு அக்கரையில் இறங்க மறுக்கும் பிரயாணியைப்போல், செயல் மையத்தில் புகுந்து, பிளவுபடாமலே இடத்தை அடைத்துக்கொள்கின்றன. பரிசல் பழுதாகவில்லை, ஆனால் கிடைக்கவும் இல்லை. இத்தகைய தடுப்பான் இருக்கும்போது தளப்பொருளைப் பெருக்கினால் போட்டியில் அது வென்று, உச்ச வேகத்தைத் திரும்பவும் எட்டலாம். வெள்ளி உப்பைப்போல் நொதியையே முடமாக்கும் தடுப்பானிடம் அந்த உபாயம் பலிப்பதில்லை. எனவே சர்க்கரையைக் கூட்டிக்கூட்டி வேகத்தை அளந்தாலே, ஒரு விஷம் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறது என்று சொல்லிவிடலாம். வேகத்தை அளந்து உருவத்தை அறியும் கலை மருந்து சாஸ்திரத்துக்குப் பெரும் உபகாரமாக முடிந்தது இந்த வழியில்தான்.

நாம் உண்ணும் சர்க்கரையும் உடலில் சேர்வதற்கு முன்னர் இதே பிளவுக்கு உள்ளாகவேண்டும். சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் சுக்ரேஸ் என்னும் நொதி கரும்புச் சர்க்கரையைப் பிளக்கிறது; அதன் சகோதர நொதிகள் மாவுப்பொருளின் துண்டங்களைக் குளுக்கோஸாக்குகின்றன. இந்த வேகம் அதிகமாயின் உண்டவுடன் ரத்தத்தில் குளுக்கோஸ் திடீரென்று ஏறும். நீரிழிவு நோயாளிக்கு அந்த ஏற்றமே தீங்கு. நம் நாட்டு மருத்துவர்கள் பெரிதும் எழுதித் தரும் வோக்லிபோஸ், அதன் இனமான அகார்போஸ் ஆகிய மாத்திரைகள், சர்க்கரையின் வேஷத்தில் வந்து இந்தக் குடல் நொதிகளின் செயல் மையத்தை அடைத்துக்கொள்ளும் தடுப்பான்களே. இவை பிளவை அறவே நிறுத்துவதில்லை, தாமதப்படுத்துகின்றன. ஒரு மணி நேரத்தில் ஏறவேண்டிய குளுக்கோஸ் இரண்டு மூன்று மணி நேரத்தில் நிதானமாக ஏறுகிறது. உணவு குடலை அடையும் நேரத்தில் மருந்தும் அங்கே இருந்து இடத்தைப் பிடித்திருந்தால்தான் போட்டியில் அதற்குப் பங்கு உண்டு. ஆகையால் சாப்பாட்டு வேளையை ஒட்டியே இவற்றைக் கொள்ளச் சொல்கிறார்கள், சாப்பிட்டு வெகுநேரம் கழித்து விழுங்கினால் பலனில்லை. பிளவுபடாத சர்க்கரை பெருங்குடலுக்குச் சென்று அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு விருந்தாவதால் வயிற்றில் வாயு சேர்வதும் இதன் விளைவே.

இதில் நோயாளிகளின் வீட்டார் தெரிந்துவைத்திருக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. இந்த மாத்திரைகள் தனித்து ரத்தக் குளுக்கோஸை அபாயகரமாகத் தாழ்த்துவதில்லை. ஆனால் இன்சுலினையோ, அதைச் சுரக்கத் தூண்டும் வேறு மாத்திரைகளையோ சேர்த்து எடுத்துக்கொள்கிறவருக்கு அப்படித் தாழ்ந்து, வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வருவதுண்டு. அந்தச் சமயத்தில் பதறிப்போய் வாயில் போடுவது சமையலறையிலுள்ள சர்க்கரை அல்லது வெல்லம். மற்றவர்களுக்கு அது போதும். இந்த மாத்திரை எடுத்துக்கொண்டவருக்கோ, குடலில் அதைப் பிளக்கவேண்டிய நொதி மருந்தால் அடைபட்டுக் கிடப்பதால், வேண்டிய வேகத்தில் அது உதவாது. அவருக்குத் தரவேண்டியது, பிளவு எதுவும் தேவைப்படாமல் நேரே ரத்தத்தில் சேரக்கூடிய குளுக்கோஸ். மருந்துக் கடையில் குளுக்கோஸ் பொடியாகவே கிடைக்கிறது. இத்தகைய நோயாளி இருக்கும் வீட்டில் ஒரு பொட்டலம் கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் இருக்கவேண்டும்.